மங்களதீபத்தில் அந்த நோய் கிடையாது

பெண்களுக்குத் தொப்புளுக்குக் கீழே உடம்பு இருக்கிறது என்பதை மங்களதீபம் மகளிர் மருத்துவ நிலையம் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டதே இல்லை. திருவனந்தபுரத்தில் கோட்டைக்குத் தெற்கே நான்கு மாடிக் கட்டடம். வாசலில் ஆளுயரப் பித்தளை விளக்கு. பெண்களுக்கென்றே ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரி. பிரசவங்கள் அங்கே நடக்கத்தான் செய்தன. ஆனால் பதிவில் குழந்தை ‘வருகை தந்தது’ என்றுதான் எழுதுவார்கள். எந்த வழியாக வந்தது என்று எழுதுவதில்லை.

அங்கே பண்புக் குழு என்று ஒன்று இருந்தது. தொப்புளிலிருந்து முழங்கால் வரை உள்ள பிரதேசத்துக்கு அந்தக் குழு நெடுநாள் யோசித்து ‘குடும்பப் பகுதி’ என்று பெயர் சூட்டியிருந்தது. அங்கே வலித்தால் குடும்பத்தில் வலி. அங்கே ரத்தம் வந்தால் குடும்பத்தில் ரத்தம்.

இசக்கிசெல்விக்கு இதெல்லாம் தெரியாது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்து இந்த ஊருக்கு வந்தவள் அவள். புருஷன் தங்கபாண்டிக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. அவளுக்குச் சாலைக் கடைத்தெருவில் மைதீனின் பிளக்ஸ் அச்சுக் கடையில் கம்ப்யூட்டர் வேலை. மலையாளத்தை அவள் படித்ததே கண்ணீர் அஞ்சலி போர்டுகளில்தான். அதனால் அவளுக்கு அந்த மொழியில் இறந்தவர்களைப் பற்றி மிக நன்றாக எழுத வரும். உயிரோடிருப்பவர்களைப் பற்றிப் போகப்போகக் கற்றுக்கொண்டாள்.

ஒரு வருஷம் அவளுக்குக் கர்ப்பம் தங்கி மூன்றாம் மாதத்தில் கலைந்தது. மங்களதீபத்தில்தான் சுத்தம் செய்து அனுப்பினார்கள். சில வாரங்களில் அடிவயிற்றில் வலி தொடங்கியது. ஈரத்துணியை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. வெள்ளைப்போக்கு மஞ்சளாகி நாறியது. சாயங்காலமானால் குளிர் காய்ச்சல். புருஷன் பக்கத்தில் வந்தால் உயிர் போயிற்று. கலைந்த உடம்பு, தேறுவதற்கு நாளாகும் என்று பொறுத்துப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே டைப் அடிக்க வேண்டி வந்தபோது, சுத்தம் செய்த இடத்திலேயே கேட்டுவிடலாம் என்று போனாள்.

வாசலில் விளக்கைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் சீட்டுத் தருவார்கள். கும்பிட்டாள். கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள், “எவிடெயா சேச்சி வேதன?”

“வயித்துல.”

வயிறு என்றதும் டாக்டர் அனூப்பிடம் அனுப்பினார்கள். அனூப் இளைஞர். தலைமுடியை மிகுந்த பொறுப்போடு சீவியிருந்தார். அவள் வயிற்றை அவர் பார்க்கவில்லை, கணினியைப் பார்த்தார்.

“காலையில என்ன சாப்பிட்டது?”

“புட்டும் கடலயும் சார்.”

“அப்போ கேஸ்.”

“சார், கீழ வெள்ள படுது சார். மஞ்சளா, ஒரு மாரி நாத்தமா…”

அனூப் போக்குவரத்துப் போலீஸ்காரர் போலக் கையை உயர்த்தினார். “அது நான் கேக்கக் கூடாது சேச்சி. நான் தொப்புள் வரைக்குந்தான். அதுக்குக் கீழே வேற செக்ஷன்.” பிறகு இரக்கப்பட்டு விளக்கமும் சொன்னார். “பெண்ணுங்களோட வயித்துல இருக்கிறதெல்லாம் கேஸ்தான், கேட்டோ. எந்தப் பெண்ணு வந்தாலும் நான் இதுதான் சொல்லாறு. இதுவரைக்கும் யாரும் திரிச்சு வந்து தப்புன்னு சொன்னதில்ல.”

திரும்பி வராதவர்கள் எங்கே போனார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. இசக்கிசெல்வி மாத்திரைகளைத் தின்று தீர்த்தாள். அவளுக்கு இல்லாத வாயு முற்றிலும் குணமாயிற்று. வலி அப்படியே இருந்தது.

அடுத்த முறை போனபோது வயிறு என்று சொல்லவில்லை. “கீழ வலிக்கிம்மா, அடியில” என்றாள்.

கவுண்டர்ப் பெண் முகம் மலர்ந்தாள். “ஓ, குடும்பத்திலா? அது முதல்லயே சொல்லண்டே சேச்சி.” சீட்டில் ‘குடும்பத்தில் வலி’ என்று எழுதி, புருஷனோடு வரும்படி சொல்லிக் குடும்ப நல ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டாள்.

ஆலோசனைப் பிரிவில் பொன்னம்மை மேடம் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பண்புக் குழுவின் தலைவியும் அவரே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்திவைத்துப் பழகியவர் என்பதால் புருஷன் பெண்டாட்டி இருவரையும் நிற்கவைத்தே விசாரித்தார்.

“குடும்பத்துல எப்பருந்து வலி?”

“ரெண்டு மாசமா மேடம். காச்சலும் அடிக்கி.”

“யாரு காரணம்?”

தங்கபாண்டி தரையைப் பார்த்தான். ஒட்டின டைல்ஸ் லெவலாக இல்லை என்பது அவன் கண்ணில் பட்டது. அந்த இடத்தில் அதைச் சொல்வது முறையில்லை என்று விட்டுவிட்டான்.

பொன்னம்மை மேடம் ஒரு சின்ன விளக்கை ஏற்றி நடுவில் வைத்து, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். மனசில் ஒளித்து வைத்திருப்பதைச் சொன்னால் வலி போய்விடும் என்றார். தங்கபாண்டி நெடுநேரம் விளக்கைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து இவ வைக்கிற புளிக்கொழம்பு எனக்குப் பிடிக்காது மேடம்.”

இசக்கிசெல்விக்கு அப்போது நல்ல காய்ச்சல். “மேடம், எனக்கு வலி ஒடம்புலதான். இவுக மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல” என்று சொல்லிப் பார்த்தாள். “இல்ல, இப்பந்தான் ஒண்ணு வந்திருக்கு.”

“நல்ல குடும்பத்துப் பொண்ணுக்கு அங்கல்லாம் வலிக்காதும்மா” என்றார் பொன்னம்மை மேடம் கனிவோடு. “வலிச்சாலும் வெளிய சொல்ல மாட்டா. என் சர்வீஸ்ல நானும் சொன்னதில்ல. என் அம்மாவும் சொல்லாமத்தான் செத்தா.”

குடும்பத்தில் சமாதானம் ஏற்பட்டதாகச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இசக்கிசெல்வி வலியை நினைக்கவில்லை, புளிக்குழம்பைத்தான் நினைத்தாள். அந்த அளவில் ஆலோசனை பலித்தது என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது தடவை கவுண்டரில் நிற்க முடியாமல் குனிந்து கிடந்ததால், தலைமை மருத்துவர் தாணுலிங்கத்திடமே கூட்டிப்போனார்கள். நாகர்கோவில்காரர். பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் மாதிரி நீளும். பெண் நோய்களில் அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை என்று ஊரில் பேச்சு. பெண்களைத் தொடாமலேயே அந்தப் பேரை வாங்கியிருந்தார்.

அவர் மேஜைமேல் ஒரு பொம்மை இருந்தது. நோயாளி தன் உடம்பைக் காட்ட வேண்டியதில்லை, பொம்மையில் வலிக்கிற இடத்தைத் தொட்டால் போதும். முதலில் அது வெளிநாட்டிலிருந்து வந்த, உறுப்புகள் எல்லாம் உள்ள பொம்மை. பண்புக் குழு அதற்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டது. பிறகும் திருப்திப்படாமல் இடுப்புக்குக் கீழே உள்ளதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாமரையைப் பொருத்தியது.

இசக்கிசெல்வி தாமரையைத் தொட்டாள்.

“எந்த இதழ்?” என்றார் தாணுலிங்கம்.

அவள் விழித்தாள். ஓர் இதழைக் குத்துமதிப்பாகக் காட்டினாள். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார்.

“சார், உள்ள ஒரு தடவ பாத்துருங்களேன். இங்கதான் சுத்தம் பண்ணுனாவ. அதுக்குப் பெறவுதான் இப்பிடி.”

பேனா நின்றது. பிறகு தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றி, மேடையில் பேசுகிற குரலில் பேசினார்.

“பெண்ணுங்கிறவ பூமி மாதிரி, பாத்துக்கோ. பூமிய வெட்டுதான், தோண்டுதான், உழுதான். வலிக்குன்னு பூமி என்னைக்காவது சொல்லியிருக்கா? பொறுமைதான் மருந்து. சீக்கிரம் ஒரு பிள்ளயப் பெத்துக்கோ, எல்லாம் சரியாயிரும்.”

பிள்ளை கலைந்து வந்தவளிடம் இதைச் சொன்னார். சொன்னதில் அவருக்கே ஒரு நிறைவு இருந்தது.

அதற்கடுத்த வாரம், ஓர் அரசியல் தலைவரின் பிறந்தநாள் பிளக்ஸ் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தபோது, இசக்கிசெல்வி அதன் பக்கத்திலேயே சரிந்து விழுந்தாள். மைதீன் கல்லாவைப் பூட்டக்கூட நிற்கவில்லை. பிளக்ஸ் சுருள் ஏற்றும் சரக்கு ஆட்டோவில் அவளைக் கிடத்தி, தங்கபாண்டிக்குப் போன் போட்டுக்கொண்டே, நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். மங்களதீபம்தான் பக்கம் என்று யாரோ சொன்னதற்கு, “கும்பிட்டுட்டு நிக்க நேரமில்ல” என்றார்.

அங்கே டாக்டர் அஸ்வதி என்றொரு பெண் பணியில் இருந்தாள். திரையை இழுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். எப்போது கலைந்தது, எப்போதிலிருந்து வெள்ளை படுகிறது, சேரும்போது வலிக்கிறதா என்று நேராகக் கேட்டாள். இசக்கிசெல்வி இத்தனை நாளாகச் சொல்ல முயன்றதை எல்லாம் அவளே கேள்வியாகக் கேட்டது அதிசயமாக இருந்தது. விரலால் கர்ப்பப்பை வாயை லேசாக அசைத்ததும் இசக்கிசெல்வி அலறிவிட்டாள்.

“மதி, போதும், முடிஞ்சுது” என்றாள் அஸ்வதி. “இந்த வலியத்தான் நான் தேடினேன் சேச்சி. இது இருந்தா சந்தேகமே வேண்டா.”

ஸ்கேனில் சீழ்க்கட்டி தெரிந்தது. அது உடைந்தும் விட்டது. உடனே அறுத்து, ஒரு பக்கத்துக் கருக்குழாயையும் சினைப்பையையும் எடுத்தார்கள்.

கண் திறந்து தெளிந்த பிறகு அஸ்வதி கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுக்கும் புடவை கட்டியிருக்கவில்லை. “இடுப்பு அழற்சி நோய்னு பேரு. பி.ஐ.டி.ன்னு சொல்லுவோம். யோனி வழியா கிருமி ஏறி, கர்ப்பப்பைக்கும் குழாய்க்கும் போயிடும். கர்ப்பம் கலைஞ்சு சுத்தம் பண்ணின பிறகும் வரலாம், சேர்க்கையாலயும் வரலாம். நிறையப் பேருக்கு வருது. ஆரம்பத்திலயே பிடிச்சா ரெண்டு வாரம் மாத்திரை, அவ்வளவுதான். விட்டா குழாய் அடைச்சுப் போகும், சீழ் பிடிக்கும்.”

“மாத்திரதானா?” என்றாள் இசக்கிசெல்வி.

“அதே. மாத்திரதான்.”

“எனக்கு இனி பிள்ள?”

அஸ்வதி பொய் சொல்லவில்லை. “இன்னொரு குழாய் இருக்கு. அதுல தழும்பு எவ்வளவுன்னு தெரியாது. பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். நாள் தள்ளினா அன்னைக்கே வரணும், கேட்டோ. குழாயிலயே கரு தங்கினா உயிருக்கு ஆபத்து.”

வெளியே வராந்தாவில் தங்கபாண்டியிடமும் மாத்திரை கொடுத்தாள். அவன் வாங்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் இல்லியே டாக்டர். என்னயத் தப்பா நெனக்கியளா?”

“தப்பு யாரோடதுன்னு பாக்கிற டெஸ்ட் எங்க கிட்ட இல்ல. மாத்திரை இருக்கு. கிருமி உங்க கிட்ட இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நீங்க சாப்பிடலைன்னா அவங்களுக்குத் திரும்பவும் வரும். ரெண்டு பேரும் முடிக்கிற வரைக்கும் சேரவும் கூடாது.”

தங்கபாண்டி கண்ணாடி வழியாக உள்ளே படுத்திருந்தவளைப் பார்த்தான். தண்ணீர் கூட இல்லாமல் மாத்திரையை விழுங்கினான்.

வீட்டில் கிடந்த நாட்களில் இசக்கிசெல்விக்கு அழுகை வரவில்லை. அவளுக்கே அது விசித்திரமாக இருந்தது. மாத்திரைதான் என்ற வார்த்தை மட்டும் வயிற்றுத் தையலுக்குள் சிக்கிய முள் மாதிரி அசையும்போதெல்லாம் குத்தியது. மூன்று பேரின் முகமும் அவளுக்குச் சோற்றுத் தட்டில் தெரிந்தது. கழுவினாலும் போகவில்லை. அவர்கள் படவேண்டும் என்று நினைத்தாள். எப்படி என்று தெரியவில்லை. மண்ணை வாரித் தூற்றலாம் என்றால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் மண்ணே கிடையாது, பளிங்கு.

அவள் வேலைக்குத் திரும்பிச் சில நாளில் அதற்கொரு வழி தானாக நடந்து கடைக்குள் வந்தது. மங்களதீபத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி சத்தியநேசன், கையில் அந்த மூன்று பேரின் புகைப்படங்களோடு வந்து உட்கார்ந்தார். மாநிலத்தின் மிகக் கண்ணியமான மருத்துவமனை என்ற விருதை மங்களதீபம் வாங்கியிருந்தது. அதைக் கொடுத்ததும் மங்களதீபத்தின் அறக்கட்டளைதான். அதோடு, இடுப்பு அழற்சி நோயைப் பற்றி விழிப்புணர்வு உண்டாக்கும்படி மேலேயிருந்து சுற்றறிக்கையும் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் ‘பெண்ணை அறிவோம்’ என்று ஒரு வாரம் கொண்டாடப் போகிறார்கள். நான்கு மாடி உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். மேலே மலையாளம், கீழே தமிழ்.

“நோயோட பேரப் போடலாமா சார்?” என்றாள் இசக்கிசெல்வி.

“போடணும், சர்க்குலர்ல இருக்கில்லே. ஆனா யாரும் வாய்விட்டு வாசிக்கண்டா. மேலே அறிகுறிகள். நடுவுல மூணு பேரோட படம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவங்க சொன்ன ஒரு நல்ல வாக்கு. அவங்களுக்கு எழுதித் தர நேரமில்ல.”

“நான் என்னத்தப் போட சார்?”

“அவங்க நோயாளிங்க கிட்ட என்ன சொல்லுவாங்களோ அது. சொந்தமா ஒண்ணும் சேக்கண்டா. போன தடவை ஒருத்தன் கவித எழுதிட்டான், பெரிய கொழப்பம். அப்புறம் கடைசியில பயனாளின்னு ஒரு பெண்ணோட படம். யாராவது ஒருத்தி, சிரிக்கிற முகமா இருந்தா மதி.”

“அவங்க சொன்னத சொன்னபடியே போடுதேன் சார்” என்றாள் அவள்.

அன்று மத்தியானமே முடித்துவிட்டாள். மைதீன் திரையில் மேலிருந்து கீழே வரை படித்தார். ஒருமுறை அவளைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

“எழுத்துப்பிழ இருக்கா?”

“இல்ல பாய்.”

“கையெழுத்து இல்லாம மெஷின்ல ஏத்த மாட்டேன். மூணு பேருகிட்டயும் பிரூப்புல வாங்கிட்டு வா. நாளைக்கி அவன் சொன்னான் இவன் சொன்னான்னு வரக் கூடாது.”

அவளே பிரூப்பை எடுத்துக்கொண்டு போனாள். அனூப் தன் படத்தைப் பார்த்தார். நெற்றி ஏறியிருப்பது போலத் தோன்றுகிறதா என்று கேட்டார். கொஞ்சம் முடியை முன்னால் இழுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பொன்னம்மை மேடத்துக்குத் தன் தலை அனூப் தலையைவிடச் சிறிதாக இருப்பதில் வருத்தம். பெரிதாக்குவதாக அவள் சொன்னாள். படம் இடுப்பு வரை இருந்தது. எழுத்து அதற்குக் கீழே இருந்தது.

“கீழ உள்ளது பாக்கணுமா மேடம்?”

“இடுப்புக்குக் கீழ உள்ளத நான் பாக்கறதில்ல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, பண்புக் குழுவின் முத்திரையையும் குத்தினார்.

தாணுலிங்கம்தான் படித்தார். ஆனால் அவர் முதலில் தன் பட்டங்களை எண்ணினார், ஒன்று குறைந்திருந்ததைச் சேர்க்கச் சொன்னார். பிறகு தன் படத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் படித்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

“இது நான் சொன்னதா? நல்லாத்தான் சொல்லியிருக்கேன். எழுத்து ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு, பெரிசாக்கு பிள்ளே. தெருவுலருந்து வாசிக்கணும்.”

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் பார்த்தது தாமரையைத்தானே. அவர் கையெழுத்துப் போட்டார், அவள் எழுத்தைப் பெரிதாக்கினாள்.

விழா அன்று வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினராகச் சுகாதாரத் துறையின் ஒரு மூத்த பெண் அதிகாரி வந்திருந்தார். முன்வரிசை நிரம்புவதற்காகப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து பெண்களைச் சாப்பாடு போடுவதாகச் சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். பிளக்ஸ் ஒரு வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தது. இசக்கிசெல்வி மைதீனோடு பின்னால் நின்றாள்.

தாணுலிங்கம் பேசினார். “பெருமையோடு சொல்கிறேன். இந்த நோய், அதாவது சுற்றறிக்கையில் குறிப்பிட்டுள்ள இந்த நோய், எங்கள் மருத்துவ நிலையம் தொடங்கிய நாள் முதல் ஒரு பெண்ணுக்குக்கூடக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. காரணம், நாங்கள் தேடுவதில்லை. ஒரு பெண்ணின் உடம்பில் தேடுவது பண்பா? வலியோடு வரும் பெண்களை நாங்கள் மனநிறைவோடு வீட்டுக்கு அனுப்புகிறோம். அவர்களில் பெரும்பாலோர் மறுபடி எங்களிடம் வருவதேயில்லை. எங்கள் வெற்றிக்கு வேறு சான்று வேண்டுமா?”

கைதட்டினார்கள். அதிகாரி கைதட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

மேலே சிவப்பில் கேள்வி இருந்தது. அடிவயிற்று வலியா, மஞ்சள் நிறத்தில் நாற்றமுள்ள வெள்ளைப்போக்கா, காய்ச்சலா, உடலுறவின்போது வலியா, சிறுநீர் எரிச்சலா? இடுப்பு அழற்சி நோயாக இருக்கலாம். இந்தத் தொல்லைகளோடு மங்களதீபத்துக்கு வரும் பெண்களிடம் நம் மருத்துவர்கள் சொல்வது: பெண்களின் வயிற்றில் இருப்பதெல்லாம் கேஸ்தான். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அங்கெல்லாம் வலிக்காது, வலித்தாலும் வெளியே சொல்ல மாட்டாள். எல்லாவற்றுக்கும் பெரிதாக, தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தும் படிக்கும்படி, பூமியை வெட்டுகிறான், தோண்டுகிறான், உழுகிறான், வலிக்கிறது என்று பூமி சொல்லியிருக்கிறதா? கடைசியில் இசக்கிசெல்வியின் படம். சிரிக்கிற முகமாகத்தான் போட்டிருந்தாள். பயனாளி, சாலைக் கடைத்தெரு. மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டிய நோய். ஒரு கருக்குழாயும் ஒரு சினைப்பையும் எடுக்கப்பட்டன. ஓரத்தில் மூன்று கையெழுத்தும் பண்புக் குழு முத்திரையும்.

பிறகு முன்வரிசையில் ஒரு கிழவி எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கத் தொடங்கினாள். படிக்கத் தெரியாதவர்கள் அவளை நிறுத்தி நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார்கள். கேஸ் என்ற இடத்தில் ஒருத்தி சிரித்தாள். அடுத்தவள் சிரிக்கவில்லை. “என்கிட்டயும் அதானே சொன்னது” என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். சாப்பாட்டுக்காக வந்திருந்த பெண்கள் சாப்பாட்டை மறந்து மேடையை நோக்கி நடந்தார்கள். அதிகாரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து விவரம் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்.

தாணுலிங்கம் பிளக்ஸை அவிழ்க்கச் சொன்னார். முடியவில்லை. பண்புக் குழு முத்திரை இட்ட எதையும் எடுக்க வேண்டுமானால் குழு தீர்மானம் போட வேண்டும். தீர்மானத்தில் காரணம் எழுத வேண்டும். வாசகம் ஆபாசம் என்று எழுதினால் அதைச் சொன்னவர்கள் யார் என்ற கேள்வி வரும். பொய் என்று எழுதினால் கையெழுத்து இருக்கிறது. அந்த வாரம் முழுவதும் பிளக்ஸ் காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டு அங்கேயே நின்றது. கோட்டைக்குப் போகிற பஸ்கள் எல்லாம் அந்த இடத்தில் வேகம் குறைந்தன.

விசாரணைக் குழு ஒன்றும் அமைந்தது. உறுப்பினர்கள் அந்த மூன்று பேரேதான். சத்தியநேசன் நடவடிக்கைகளை எழுதிச் சுகாதாரத் துறை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. இசக்கிசெல்வியைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார்கள்.

“நாங்க சொல்லாததை எழுதியிருக்கே” என்றார் தாணுலிங்கம்.

“எது சார் சொல்லாதது?”

அனூப் முந்திக்கொண்டார். “நான் கேஸுன்னு மாத்திரந்தான் சொன்னது. பூமின்னு சொன்னது சார்தான். தினமும் ரவுண்ட்ஸ்ல சொல்லும், நான் கேட்டிருக்கேன்.”

“அது தத்துவம்” என்றார் தாணுலிங்கம். “இவன் கேஸுன்னு சொல்லித் திருப்பி அனுப்புனதுக்கு நான் எப்பிடிப் பொறுப்பாக முடியும்?”

“நான் சொன்னது பொதுவாச் சொன்னது” என்றார் பொன்னம்மை மேடம். “இவகிட்ட மட்டும் சொன்ன மாதிரி போட்டிருக்கா. அதுதான் தப்பு.”

“அப்பம் வேற யாருகிட்டல்லாம் மேடம் சொன்னிய?”

“வந்த எல்லார்கிட்டயுந்தான். நான் பாரபட்சம் பாக்கறவ இல்ல.”

சத்தியநேசன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்ததும் மூவரிடமும் கையெழுத்து வாங்கினார். இசக்கிசெல்வி அவர்களை வரிசையாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அன்று இரவு வீட்டில் சோற்றைத் தட்டு வழித்துச் சாப்பிட்டாள்.

அதிகாரியின் உத்தரவு வந்தபோது பண்புக் குழு கலைக்கப்பட்டது. பொன்னம்மை மேடம் இரண்டாம் தடவையாக ஓய்வுபெற்றார். அனூப்பை மலையோரம் விதுராவில் இருந்த கிளைக்கு அனுப்பினார்கள். அவருக்கு முன்பே அவர் பேர் அங்கே போய்விட்டது. மருந்துக் கடையில் பல்பொடி கேட்கிறவன்கூட, கேஸ் டாக்டர் வந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் போனான். தாணுலிங்கத்தை மட்டும் எங்கும் அனுப்பவில்லை. அதுதான் அவருக்குக் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை தோறும் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் அஸ்வதி மங்களதீபத்துக்கு வந்து பெண்களைப் பரிசோதிப்பாள். தாணுலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நோய் இன்னது, உடம்பில் இன்ன இடத்தில் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரே, தன் வாயால், அவளுக்குப் புரியும் வார்த்தையில் சொல்ல வேண்டும்.

வாரம் முடிந்து இறக்கிய பிளக்ஸைத் தங்கபாண்டி கேட்டு வாங்கினான். ஸ்ரீவராகத்தில் அவன் வேலை செய்த அடுக்குமாடியில் சித்தாள் பெண்களுக்குக் குளிக்க மறைப்பு இல்லை. எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி கட்டச் சொன்னாள் இசக்கிசெல்வி. கட்டிய பிறகு பெண்கள் உள்ளே போக மறுத்தார்கள், ஒரு பெரிய மனுஷன் முறைத்துக்கொண்டே இருக்கிறார் என்றார்கள். தாணுலிங்கம் இருந்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்துத் தரையில் விரித்து, அதன்மேல் சிமெண்டுக் கலவை குழைத்தார்கள். பட்டங்கள் நீளமாக இருந்ததால் மணல் தாராளமாகக் கொண்டது.

மிச்சத்தை அந்தப் பெண்கள் தினமும் குளித்துக்கொண்டே படித்தார்கள். ஒருநாள் சற்குணம் என்ற சித்தாள் ஈரத்தலையோடு இசக்கிசெல்வியிடம் வந்தாள். கலவைச் சட்டி தூக்கிக் காது ஒன்று மந்தமாகிவிட்டவள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

“அதுல எழுதியிருக்கதுல பாதி எனக்கும் இருக்குக்கா. எங்க போணும்?”

செவ்வாய்க்கிழமை இசக்கிசெல்வி கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிப்போனாள். வாசலில் யாரும் கும்பிடச் சொல்லவில்லை. வராந்தாவில் இடமில்லாமல் பெண்கள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அஸ்வதி திரைக்குப் பின்னால் சற்குணத்தைப் பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். மாத்திரையிலேயே தீர்ந்துவிடும் கட்டந்தான் என்றாள். பிறகு தாணுலிங்கத்தின் பக்கம் திரும்பி, “சார்” என்று ஒதுங்கிக்கொண்டாள்.

தாணுலிங்கம் கண்ணாடியைத் துடைத்தார். கதவோரம் நின்ற இசக்கிசெல்வியைப் பார்த்தார். இந்த முறை அடையாளம் தெரிந்தது.

“உனக்கு, அதாவது உன்னோட…” என்றார். நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். தரையைப் பார்த்து மெல்லச் சொன்னார். “யோனி வழியா கிருமி ஏறி, கர்ப்பப்பையில புண்ணாயிருக்கு. இடுப்பு அழற்சி நோய்.”

வராந்தாவில் பேச்சு நின்றுபோயிற்று. சற்குணம் நல்ல காதை அவர் பக்கமாகத் திருப்பினாள்.

“கேக்கல சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”